இந்திப் பேச்சுவழக்கில் ‘செய்து பார்க்கட்டுமா’ எனக் கேட்டல்

பிறருடைய பொருளையோ, பிறர் செய்துகொண்டிருக்கும் வேலையையோ, கடையில் விற்பனைக்கு உள்ள ஒன்றையோ ‘நானும் ஒரு தடவை செய்து பார்க்கட்டுமா’ என்று பணிவாகக் கேட்பதற்கு இந்திப் பேச்சுவழக்கில் பல வாய்பாடுகள் உள்ளன. துணிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்ப்பது, இனிப்புக் கடையில் ஒரு துண்டு சுவைத்துப் பார்ப்பது, நண்பரின் வண்டியை ஓட்டிப் பார்ப்பது, திறக்காத பூட்டைத் தானும் திறந்து பார்ப்பது ஆகியவை இவ்வகைக் கேள்விகள் எழும் அன்றாடச் சூழல்கள். இவற்றில் பணிவு என்பது ‘தயவுசெய்து’ என்ற ஒற்றைச் சொல்லில் இல்லை. வினைச்சொல்லின் வடிவம், துணைவினை, ‘ஜரா’ போன்ற சிறு சொற்கள், எதிரில் இருப்பவரை விளிக்கும் முறை ஆகிய நான்கும் சேர்ந்தே அது உருவாகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 52.8 கோடிப் பேரின் தாய்மொழிகள் இந்தி என்னும் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. படிப்புக்கும் வேலைக்கும் வட மாநிலங்களுக்குச் செல்லும் தமிழர் பலர் பாடநூல் வழியாகவோ திரைப்படங்கள் வழியாகவோ இந்தியை அறிந்தவர்கள். பாடநூல் இந்தி கடைத்தெருவில் விண்ணப்பக் கடிதம்போல் விறைப்பாக ஒலிக்கும். திரைப்பட இந்தியோ சில இடங்களில் மரியாதைக் குறைவாக ஒலிக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட வழக்கை அறிவதே இக்கட்டுரையின் பொருள்.

எழுத்துப்பெயர்ப்புக் குறிப்பு

இந்திச் சொற்கள் இங்கே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. ‘தேக்னா’, ‘தேனா’, ‘தீஜியே’, ‘தீதீ’, ‘திக்காயியே’, ‘தோ’ ஆகியவற்றின் முதலெழுத்து ‘பந்து’ என்பதில் வரும் மெல்லோசையுடன் ஒலிக்கும். ‘என்றால்’ என்ற பொருளில் வாக்கிய நடுவே வரும் ‘தோ’ மட்டும் வல்லோசை. ‘தூ’, ‘தும்’ என்பவையும் வல்லோசையே. ‘பாய்’, ‘பய்யா’, ‘புரா’ ஆகியவற்றின் முதலெழுத்து ‘கம்பு’ என்பதில் வரும் ஒலி. ‘மைன்’, ‘ஹூன்’, ‘தேக்கூன்’, ‘லூன்’ போன்றவற்றின் இறுதி ‘ன்’ முழுமையாக ஒலிக்காமல் மூக்கொலியாக மட்டும் நிற்கும். ‘ச’ என்ற எழுத்து எல்லா இடத்திலும் ‘அச்சம்’ என்பதில் உள்ளதுபோல் ஒலிக்கும்.

‘முயல்வது’ வேறு, ‘செய்து பார்ப்பது’ வேறு

இந்தியில் இந்தக் கருத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்பவை அல்ல.

‘கோஷிஷ் கர்னா’ என்பது முயற்சி செய்தல். பலன் கிடைக்குமா என்பது உறுதியில்லாத, உழைப்பு தேவைப்படும் செயலுக்கு இது வரும். ‘தர்வாஸா கோல்னே கீ கோஷிஷ் கரோ’ என்றால் ‘கதவைத் திறக்க முயற்சி செய்’ என்று பொருள். கதவு திறக்காமலும் போகலாம்.

வினையெச்சத்துடன் ‘தேக்னா’ சேர்வது செய்து பார்த்தல். ‘தர்வாஸா கோல்-கர் தேக்கோ’ என்றால் ‘கதவைத் திறந்து பார்’. கதவு திறக்கும் என்பதில் ஐயமில்லை. திறந்தபின் என்ன தெரிகிறது, என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

‘ஆஸ்மானா’ என்பது சோதித்தல், பரீட்சித்தல். புதிய மருந்து, புதிய உத்தி, ஒருவரின் நட்பு ஆகியவற்றைச் சோதிப்பதற்கு இது வரும். விளம்பரங்களிலும் காணப்படும்.

‘சக்னா’ என்பது சுவைத்தல். உணவுக்கு மட்டும் உரியது.

‘ட்ரை கர்னா’ என்பது ஆங்கிலச் சொல்லுடன் இந்தி வினை சேர்ந்த கலப்பு. நகரங்களில் இது மிகப் பரவலான வழக்கு. முயற்சி செய்தல், செய்து பார்த்தல் ஆகிய இரண்டு பொருளையும் இது ஏற்கும்.

இவற்றைக் குழப்புவதால் நேரும் பிழை வேடிக்கையானது. துணிக்கடையில் சட்டை ஒன்றைக் காட்டி ‘இஸ்கீ கோஷிஷ் கர் ஸக்தா ஹூன்?’ என்று கேட்டால், சட்டையைப் போட்டுப் பார்ப்பது பொருளாகாது. ‘இதற்காக முயற்சி எடுக்கலாமா’ என்பது போன்ற பொருந்தாத வாக்கியமாக அது நிற்கும். அங்கே சொல்லவேண்டியது ‘பஹன்-கர் தேக் ஸக்தா ஹூன்?’ என்பதே. ‘போட்டுப் பார்க்கலாமா?’ என்ற தமிழ்க் கேள்விக்கு இது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

தமிழோடு உள்ள ஒற்றுமை

தமிழில் ‘எழுதிப் பார்’, ‘கேட்டுப் பார்’, ‘தின்று பார்’ என்று வினையெச்சத்தோடு ‘பார்’ என்னும் துணைவினை சேர்கிறது. இந்தியில் ‘லிக்-கர் தேக்கோ’, ‘பூச்-கர் தேக்கோ’, ‘கா-கர் தேக்கோ’ என்று அதே அமைப்பு உள்ளது. ‘-கர்’ என்னும் ஈறு பேச்சில் பெரும்பாலும் ‘-கே’ என்று மாறும்: ‘கா-கே தேக்கோ’. தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் பார்த்தல் பொருளுள்ள வினையே இவ்வாறு துணையாக வருகிறது. திராவிட மொழிகளும் இந்தோ-ஆரிய மொழிகளும் வேறு வேறு குடும்பங்கள். ஆயினும் நெடுங்காலம் அருகருகே வழங்கியதால் இத்தகைய பொதுக்கூறுகளைப் பெற்றுள்ளன. எம். பி. எமனோ 1956இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தியாவை ஒரே ‘மொழிப்பரப்பு’ என விளக்கினார். காலின் மசிகா 1976இல் வெளியிட்ட நூலில் வினையெச்சங்களும் துணைவினைகளும் இப்பரப்பில் பரவியிருப்பதை விரிவாக ஆராய்ந்தார்.

இதன் நடைமுறைப் பயன் பெரியது. தமிழில் எழும் எண்ணத்தை ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து இந்திக்கு மாற்றுவதே பல தவறுகளுக்கு வேர். தமிழிலிருந்து நேராக இந்திக்குச் சென்றால், இவ்வகை வாக்கியங்களில் பாதி வேலை முன்பே முடிந்துவிடுகிறது.

மூன்று அடுக்கு மரியாதை

தமிழில் முன்னிலை ஒருமைக்கு ‘நீ’, ‘நீங்கள்’ என இரண்டு அடுக்குகள் உள்ளன. இந்தியில் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என மூன்று உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஏவல் வினை மாறும். ‘செய்ய விடு’ என்பதை மூன்று அடுக்கிலும் பின்வருமாறு சொல்லலாம்.

தூ: ‘முஜே கர்னே தே’
தும்: ‘முஜே கர்னே தோ’
ஆப்: ‘முஜே கர்னே தீஜியே’

‘நீ’ என்பதை ‘தூ’ என்று எண்ணிக்கொள்வது தமிழர் செய்யும் முதல் பிழை. தமிழில் ‘நீ’ வழங்கும் பெரும்பாலான இடங்களில், அதாவது வகுப்புத் தோழர், தம்பி தங்கை, சமவயது நண்பர் ஆகியோரிடம், இந்தியில் ‘தும்’ என்பதே பாதுகாப்பானது. ‘தூ’ என்பது மிக நெருங்கிய நண்பரிடமும், தாயிடமும், கடவுளிடமும் உரிமையோடு வரும். அறிமுகமில்லாதவரிடம் வந்தால் அதே சொல் வசையாகிவிடும். கடைக்காரர், வாடகை வண்டி ஓட்டுநர், உணவு விடுதிப் பணியாளர் ஆகியோர் வயதில் இளையவராக இருந்தாலும் ‘ஆப்’ என்று தொடங்குவதே நல்லது. ‘ஆப்’பில் தொடங்கி ‘தும்’முக்கு இறங்குவது நட்பு வளர்ந்ததன் அடையாளம். ‘தூ’வில் தொடங்கிவிட்டு ‘ஆப்’புக்கு ஏறுவது நடந்த தவற்றை ஒப்புக்கொள்வதாகும்.

‘ஆப்’ வடிவத்தைவிட மென்மையான ஒன்றும் உண்டு. ‘தீஜியே’ என்பதோடு ‘கா’ சேர்த்துத் ‘தீஜியேகா’ என்றால், உடனே செய்யவேண்டும் என்ற அழுத்தம் குறைகிறது. ‘கபீ முஜே பீ சலானே தீஜியேகா’ என்றால் ‘எப்போதாவது எனக்கும் ஓட்டக் குடுங்க’ என்ற பொருள் தரும். மறுக்க விரும்புபவர் முகம் கோணாமல் தலையாட்டிவிட்டு அப்படியே விட்டுவிட இது இடம் தருகிறது.

கேட்கும் வாய்பாடுகள்

1. ‘ஸக்னா’ வழி. ‘க்யா மைன் இஸே பஹன்-கர் தேக் ஸக்தா ஹூன்?’ என்பது ‘நான் இதைப் போட்டுப் பார்க்கலாமா?’ என்பதற்குரிய முழு வாக்கியம். பேச்சில் முதலில் உள்ள ‘க்யா’வும் ‘மைன்’னும் பெரும்பாலும் விடுபடும். குரலை இறுதியில் உயர்த்தினாலே அது கேள்வியாகிவிடும்.

இங்கே தமிழர் மறக்கும் ஒன்று பால் வேறுபாடு. தமிழில் ‘நான் செய்கிறேன்’ என்பதில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. இந்தியில் பேசுபவர் ஆணாயின் ‘ஸக்தா ஹூன்’, பெண்ணாயின் ‘ஸக்தீ ஹூன்’. பெண் ‘ஸக்தா’ என்றாலும் பொருள் புரியும், ஆனால் பேசுபவர் மொழிக்குப் புதியவர் என்பது உடனே தெரிந்துவிடும்.

2. விழைவு வடிவ வழி. ‘பஹன்-கர் தேக்கூன்?’, ‘சலா-கே தேக்கூன்?’ என்பவை ‘போட்டுப் பார்க்கட்டுமா?’, ‘ஓட்டிப் பார்க்கட்டுமா?’ என்பவற்றுக்கு இணை. இவ்வடிவத்தில் பால் வேறுபாடு இல்லை. ஆணும் பெண்ணும் ஒரே சொல்லைச் சொல்லலாம். குறுகியது, இயல்பானது, பணிவும் குறையாதது. நண்பர்களிடையே மிகுதியாக வழங்குவது இதுவே.

3. பொதுப்பட்ட பன்மை வழி. எழுவாய் இல்லாமல் ‘இஸ்கோ ட்ரை கர் ஸக்தே ஹைன்?’ என்பது ‘இதைப் போட்டுப் பார்க்கலாமா?’ என்று பொதுவாகக் கேட்பது. யார் போடப்போகிறார்கள் என்று சொல்லாமல், அப்படிச் செய்ய அந்தக் கடையில் வழக்கம் உண்டா என்று கேட்பதுபோல் இது அமைகிறது. கடைகளுக்கு மிகப் பொருத்தமானது. பால் வேறுபாட்டுச் சிக்கலிலிருந்தும் இது விடுவிக்கிறது.

4. ‘தேனா’ வழி. ‘முஜே பீ கேல்னே தோ நா’ என்பது ‘எனக்கும் விளையாட விடேன்’ என்பதாகும். இது அனுமதி கேட்பதைவிட உரிமையோடு வேண்டுவது. உடன்பிறந்தாரிடமும் நண்பரிடமும் இனிக்கும். மேலதிகாரியிடம் பொருந்தாது.

5. எண்ணத்தைச் சொல்லும் வழி. ‘மைன் ஸோச் ரஹா தா கி ஏக் பார் சலா-கர் தேக் லூன்’ என்றால் ‘ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்’. பெண்ணாயின் ‘ரஹீ தீ’ என்று வரும். இது நேரடிக் கேள்வியே அல்ல. ஆயினும் கேட்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். விருப்பத்தை இறந்தகாலத்தில் வைத்துச் சொல்வதால் வற்புறுத்தல் குறைகிறது. தமிழிலும் இதே தந்திரம் உண்டு.

‘லூன்’, ‘தூன்’ என்னும் சிறு வேறுபாடு

இந்தித் துணைவினைகளில் ‘லேனா’ (கொள்ளுதல்), ‘தேனா’ (கொடுத்தல்) ஆகிய இரண்டும் செயலின் பயன் யாரைச் சேர்கிறது என்பதைக் காட்டும். ‘கர் லூன்?’ என்றால் ‘செய்துகொள்ளட்டுமா?’ எனப் பொருள்படும். பயன் பேசுபவருக்கு. ‘கர் தூன்?’ என்றால் ‘செய்து கொடுக்கட்டுமா?’ எனப் பொருள்படும். பயன் எதிரில் இருப்பவருக்கு. தமிழின் ‘கொள்’, ‘கொடு’ துணைவினைகள் செய்யும் அதே வேலை இது.

பணிவுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. பக்கத்து இருக்கைக்காரர் ஒரு பெட்டியின் பூட்டைத் திறக்க முடியாமல் திணறுகிறார் என்று கொள்ளலாம். அப்போது சொல்லக்கூடியவை மூன்று.

‘மைன் கோல் தூன்?’ (நான் திறந்து கொடுக்கட்டுமா?) என்பது உதவி. ஆனால் ‘என்னால் முடியும்’ என்ற உறுதி அதில் உள்ளது.

‘மைன் கோஷிஷ் கரூன்?’ (நான் முயற்சி செய்யட்டுமா?) என்பதில் அந்த உறுதி இல்லை.

‘ஏக் பார் மைன் தேக்கூன்?’ (ஒரு தடவை நான் பார்க்கட்டுமா?) என்பது எல்லாவற்றிலும் மென்மையானது. வெற்றியைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

முதியவரிடமோ, அந்த வேலையில் தேர்ந்தவர் என்று பெயர் பெற்றவரிடமோ மூன்றாவது வாக்கியமே சொல்லத்தக்கது. பூட்டு திறந்துகொண்டாலும் முன்பு முயன்றவரின் மதிப்பு குறையாது. திறக்காவிட்டால் கேட்டவருக்கும் தலைகுனிவு இல்லை.

பணிவு பற்றிய ஆய்வுகளில் ‘முகம்’ என்னும் கருத்து மையமானது. பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோர் 1978இல் நீண்ட கட்டுரையாகவும் 1987இல் நூலாகவும் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை விரிவாக்கியது. பிறர் தடையின்றித் தம் விருப்பப்படி இருக்க நினைப்பதும், பிறரால் ஏற்கப்பட நினைப்பதும் முகத்தின் இரு பக்கங்கள் என்று அவர்கள் கூறினர். அவர்கள் முதன்மையாக ஆராய்ந்த மூன்று மொழிகளில் கோயம்புத்தூர் வட்டாரத்துத் தமிழும் ஒன்று. ஒருவரின் பொருளைக் கேட்பது அவர் விருப்பத்தில் குறுக்கிடுவது. அதனால்தான் ‘ஒரு தடவை’, ‘கொஞ்சம்’, ‘சும்மா’ போன்ற சொற்களால் கேட்பதைச் சிறிதாக்கிக் காட்டுகிறோம். இந்தியும் இதையே செய்கிறது.

மென்மையாக்கும் சொற்கள்

ஜரா: ‘சற்று’, ‘கொஞ்சம்’. அணு, துகள் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ‘ஜரா திக்காயியே’ என்றால் ‘கொஞ்சம் காட்டுங்க’. உண்மையில் அளவைக் குறைத்துக் கேட்பதில்லை, கேட்பதன் கனத்தைக் குறைக்கிறது. இந்திப் பேச்சில் ‘தயவுசெய்து’ செய்யவேண்டிய வேலையைப் பெரும்பாலும் செய்வது இச்சொல்லே.

தோடா: இதுவும் ‘கொஞ்சம்’ என்பதே. உணவிலும் நேரத்திலும் உண்மையான அளவைக் குறிக்கும். ‘தோடா ஸா சக் லூன்?’ என்றால் ‘கொஞ்சூண்டு ருசி பார்த்துக்கட்டுமா?’

ஏக் பார்: ‘ஒரு தடவை’. செயல் நீளாது என்ற உறுதியைத் தருகிறது.

பீ: ‘உம்’ என்னும் இடைச்சொல்லுக்கு இணை. ‘மைன் பீ’ என்றால் ‘நானும்’. எதிரில் இருப்பவர் செய்வதைப் பாராட்டி, அதில் பங்கு கேட்கும் தொனி இதில் உண்டு.

நா: வாக்கிய இறுதியில் வரும். ‘தோ நா’ என்பது ‘கொடேன்’. ‘தீஜியே நா’ என்பது ‘கொடுங்களேன்’. நெருக்கம் உள்ள இடத்தில் கெஞ்சலாகவும், நெருக்கம் இல்லாத இடத்தில் நச்சரிப்பாகவும் ஒலிக்கும்.

அகர் ஆப் புரா நா மானேன் தோ: ‘நீங்க தப்பா நினைக்கலைன்னா’. விலை உயர்ந்த பொருளையோ தனிப்பட்ட பொருளையோ கேட்கும்போது முன்னால் வைப்பது.

கோயீ திக்கத் நா ஹோ தோ: ‘சிரமம் ஒன்றும் இல்லைன்னா’. அலுவலகச் சூழலுக்கு ஏற்றது.

‘க்ருபயா’ என்னும் சமஸ்கிருதச் சொல் அறிவிப்புப் பலகைகளிலும் ரயில் நிலைய ஒலிபெருக்கியிலும் கடிதங்களிலும் வாழ்கிறது. நண்பரிடம் ‘க்ருபயா முஜே ப்ரயாஸ் கர்னே கீ அனுமதி தீஜியே’ என்று கேட்டால் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் நண்பர் சிரித்துவிடுவார். அன்றாடப் பேச்சில் தேவைப்படும் இடத்தில் ‘ப்ளீஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லே வழங்குகிறது.

விளிச்சொற்கள்

உறவுமுறைச் சொல்லால் அறிமுகமற்றவரை அழைப்பது தமிழிலும் இந்தியிலும் பொது. ‘பய்யா’ (அண்ணா), ‘தீதீ’ (அக்கா), ‘பாய் ஸாஹப்’ (ஐயா என்பதற்கு நெருக்கமான, சமவயதினருக்கு உரிய மரியாதைச் சொல்), ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ ஆகியவை பரவலானவை. பெயரோடு ‘ஜீ’ சேர்ப்பது தமிழின் ‘ங்க’ போன்ற மரியாதையைத் தரும். ‘பய்யா, ஜரா ஏக் பார் பஹன்-கே தேக் லூன்?’ என்பதில் விளியும், ‘ஜரா’வும், ‘ஏக் பார்’ என்பதும், ‘லூன்’ வடிவமும் சேர்ந்து ‘ப்ளீஸ்’ இல்லாமலே முழுப் பணிவையும் தருகின்றன.

இடம் பார்த்து விளிக்க வேண்டும். மும்பையில் ‘பய்யா’ என்னும் சொல் உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த உழைப்பாளர்களை இழிவாகச் சுட்டவும் வழங்குவதால், அங்கே சிலருக்கு அது உறுத்தும். ‘பாய்’, ‘பாஸ்’, மராத்தியரிடம் ‘தாதா’ என்பவை அங்கே கேட்கும் மாற்றுகள். கொல்கத்தாவில் இந்தி பேசும்போதும் ‘தாதா’ என்பதே இயல்பு.

சூழல்கள்

துணிக்கடை. முதலில் ‘ஜரா வோ வாலா திக்காயியே’ (கொஞ்சம் அதைக் காட்டுங்க). பிறகு ‘ட்ரை கர் ஸக்தே ஹைன்?’ அதன்பின் ‘ட்ரையல் ரூம் கிதர் ஹை?’ (உடை மாற்றும் அறை எந்தப் பக்கம்?). மூன்றும் சிறு வாக்கியங்கள். நீண்ட முன்னுரை தேவையில்லை.

இனிப்புக் கடை. ‘தோடா சக்கா தீஜியே’ என்பது ‘கொஞ்சம் ருசி பார்க்கக் கொடுங்க’. ‘சக்னா’ சுவைத்தல், ‘சக்கானா’ சுவைக்கச் செய்தல். பிறவினை வடிவத்தைத் தவறவிட்டுச் ‘சக் தீஜியே’ என்றால் கடைக்காரரையே தின்று பார்க்கச் சொல்வதாகிவிடும்.

பிறர் தட்டு. வட இந்தியாவிலும் எச்சில் பற்றிய எண்ணம் உண்டு. அதற்கு ‘ஜூட்டா’ என்று பெயர். ஒருவர் உண்ணத் தொடங்கிய தட்டிலிருந்து கேட்பது நெருங்கியவர்களுக்கு மட்டுமே உரியது. மற்றவரிடம், அவர் வாய்வைக்கும் முன்போ, தனியாக எடுத்துத் தரும்படியோ கேட்பதே நாகரிகம்.

வண்டி, கைப்பேசி, இசைக்கருவி. ‘புரா நா மானேன் தோ ஏக் பார் பஜா-கே தேக்கூன்?’ (தப்பா நினைக்கலைன்னா ஒரு தடவை வாசிச்சுப் பார்க்கட்டுமா?). கேட்கும்போது கையை நீட்டாமல் இருப்பதும் பணிவின் பகுதி. வாக்கியம் கேள்வியாக இருந்து கை முன்பே பொருளைத் தொட்டுவிட்டால், கேள்வி வெறும் சடங்காகிவிடும்.

அலுவலகம். ‘ஸர், கோயீ திக்கத் நா ஹோ தோ இஸ் பார் மைன் கர்-கே தேக்கூன்?’ (சிரமமில்லைன்னா இந்தத் தடவை நான் செய்து பார்க்கட்டுமா?). ‘இஸ் பார்’ (இந்தத் தடவை) என்பது பிறர் வேலையை நிலையாகப் பறிக்கவில்லை என்று காட்டுகிறது.

மறுமொழிகளைப் புரிந்துகொள்ளுதல்

இசைவு வெளிப்படையானது. ‘ஹான் ஹான், ஜரூர்’ (ஆமா ஆமா, கட்டாயம்), ‘பில்குல்’ (நிச்சயமாக), ‘க்யோன் நஹீன்’ (ஏன் கூடாது), ‘அரே, இஸ்மேன் பூச்னா க்யா’ (அட, இதிலே கேட்க என்ன இருக்கு) ஆகியவை மகிழ்ச்சியான சம்மதங்கள்.

மறுப்பு பெரும்பாலும் ‘இல்லை’ என்று வராது. ‘பாத் மேன்’ (அப்புறம்), ‘ஃபிர் கபீ’ (இன்னொரு நாள்), ‘அபீ ரஹ்னே தோ’ (இப்போதைக்கு விட்டுவிடு), ‘தேக்தே ஹைன்’ (பார்க்கலாம்) ஆகியவை பல இடங்களில் மறுப்பே. தமிழில் ‘பார்க்கலாம்’ என்று இழுத்துச் சொல்வதை எப்படிப் புரிந்துகொள்கிறோமோ அப்படியே இவற்றையும் கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் ‘தோ நா, தோ நா’ என்று தொடர்ந்தால் அதுவரை காட்டிய பணிவு வீணாகும். ‘கோயீ பாத் நஹீன்’ (பரவாயில்லை) என்று முடிப்பதே முறை.

வட்டார வேறுபாடுகள்

லக்னோவில் சிறு குழந்தையையும் ‘ஆப்’ என்று அழைக்கும் மரபு பெயர் பெற்றது. டெல்லியில் ‘ஆப் தேக்கோ’, ‘ஆப் கரோ’ என்று ‘ஆப்’புடன் ‘தும்’ வினையைச் சேர்ப்பது சாதாரணம். அங்கே அது அவமரியாதையாகக் கொள்ளப்படுவதில்லை. லக்னோவில் அதே வாக்கியம் காதில் உறுத்தும். கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ‘நான்’ என்பதற்கே ‘ஹம்’ என்னும் பன்மை வழங்குவதால், தனி ஒருவரும் ‘ஹம் பீ தேக்கேன்?’ என்று கேட்பார். மும்பையிலும் ஹைதராபாத்திலும் ‘முஜே’ என்பதற்கு ‘மேரேகோ’ என்பது பேச்சு வழக்கு. ஹைதராபாத்தின் தக்கனியில் இசைவுக்கு ‘ஹௌ’ என்றும் மறுப்புக்கு ‘நக்கோ’ என்றும் பதில் வரும். ‘நக்கோ’வை வேறு ஏதோ சொல் என்று எண்ணிப் பொருளை எடுத்துவிடக் கூடாது.

கற்போருக்கு

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1918இல் தொடங்கப்பட்ட தட்சிண பாரத இந்தி பிரசார சபையின் பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா முதலிய தேர்வுகள் வழியாகத் தமிழகத்தில் பல தலைமுறையினர் இந்தி கற்றுள்ளனர். எழுத்து, இலக்கணம், உரைநடை ஆகியவற்றுக்கு அத்தகைய படிப்பு அடித்தளம் தருகிறது. பேச்சுக்கு அதன்மேல் சேர்க்கவேண்டியவை சிலவே. ‘கோஷிஷ்’ என்ற சொல்லைக் கடினமான வேலைகளுக்கு ஒதுக்கிவிட்டு ‘-கே தேக்கூன்?’ என்பதை நாவில் பழக்குவது, ‘க்ருபயா’வின் இடத்தில் ‘ஜரா’வை வைப்பது, அறிமுகமற்றவரிடம் ‘ஆப்’ என்று தொடங்குவது, தன் பாலுக்கு ஏற்ப ‘ஸக்தா’ அல்லது ‘ஸக்தீ’ சொல்வது ஆகியவையே அவை.

இவற்றில் ஒன்று மட்டும் நினைவிலிருந்தாலும் ‘ஜரா ஏக் பார் தேக்கூன்?’ என்ற வாக்கியம் போதும். போடுவதோ, ஓட்டுவதோ, வாசிப்பதோ, திறப்பதோ எதுவாயினும் பொருளைச் சுட்டி இதைக் கேட்கலாம். ஆண், பெண் இருவருக்கும் இது பொருந்தும். முன்னிலைப் பெயரே இதில் இல்லாததால் தூ, தும், ஆப் என்ற தடுமாற்றமும் எழாது.